மார்பு அறுவையில் ஒற்றை நுரையீரற் சுவாசம்

மும்பையின் துறைமுக ரயில்பாதையில், செம்பூரை அடுத்துத் திலக் நகர் என்னும் நிலையம் உள்ளது. அதனைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் பல மொழியினரும், அவர்களிடையே தமிழ்க் குடும்பத்தினரும் வாழ்கின்றனர். அங்கிருந்து நகரத்தை நோக்கிச் செல்லும் வண்டியில் ஏறினால், குர்லா, சுனாபட்டி, குரு தேக் பகதூர் நகர், வடாலா ஆகிய நிலையங்களைக் கடந்து ஐந்தாவதாக வருவது சிவ்ரி. மாநகராட்சியின் காசநோய் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. அதற்கு அண்மையில், பரேலில், டாட்டா நினைவு மருத்துவமனை உள்ளது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கென 1941-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்நிலையம், 1962 முதல் மத்திய அரசாங்கத்தின் அணுசக்தித் துறையைச் சார்ந்து இயங்கி வருகிறது. காசநோயும் புற்றுநோயும் ஆகிய இரண்டுமே நுரையீரலை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டு செல்லக்கூடியவை.

திலக் நகரில் வாழும் ஐம்பத்தைந்து வயதுள்ள ஒருவருக்கு, வலது நுரையீரலின் மேல் மடலில் கட்டி தோன்றியிருப்பதாகக் கொள்வோம். அம்மடலை அகற்ற வேண்டும் என்று வைத்தியர்கள் முடிவு செய்கின்றனர். "சிகிச்சை நடைபெறும் நேரம் முழுவதும் வலது நுரையீரலை ஓய்த்து வைப்போம், இடது நுரையீரல் மட்டுமே மூச்சு விடும்" என்று மயக்க மருந்து வைத்தியர் கூறுகிறார். குடும்பத்தினர் திகைக்கின்றனர். ஒரு நுரையீரலை மட்டும் கொண்டு மனிதன் உயிர் வாழ முடியுமா என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி.

முடியும். ஆயினும், வைத்தியருடைய கவலை வேறு. ஒற்றை நுரையீரலுக்கு எவ்வளவு காற்றை, எந்த முறையில் செலுத்துவது என்பதே அது. கத்தி படும் நுரையீரலைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகின்றனர். ஆனால், கத்தி படாத மற்ற நுரையீரலுக்கும் ஆபத்து உண்டு. அந்த ஆபத்து மூச்சைச் செலுத்தும் முறையிலிருந்தே வரக்கூடும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திறந்த மார்பின் சங்கடம்

நுரையீரல் தானாகவே விரியும் தன்மை உடையதன்று. மார்புக்கூடும் உதரவிதானமும் விரிகையில், மார்பின் உட்புறத்தில் அழுத்தம் குறைகிறது. அதனால் நுரையீரல் இழுக்கப்பட்டு விரிகிறது. மார்பைத் திறந்துவிட்டால் வெளிக்காற்று உட்புகுந்து அவ்விழுப்பு அற்றுப் போகிறது. நுரையீரல் சுருங்கிவிடுகிறது. இக்காரணத்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவு வரையில் மார்பின் உட்புறம் அறுவை வைத்தியர்களால் எளிதில் அணுக முடியாததாகவே இருந்தது.

1904-ஆம் ஆண்டில் ஜெர்மானிய வைத்தியரான ஸாவர்புரூக் இதற்கு ஒரு வழி கண்டார். அழுத்தம் குறைக்கப்பட்ட ஓர் அறைக்குள் நோயாளியின் உடலும் வைத்தியரும் இருக்க, நோயாளியின் தலை மட்டும் அறைக்கு வெளியே நீண்டிருக்கும். முறை சரியானதே, ஆனால் கையாளுவதற்கு மிகவும் கடினம். பிற்காலத்தில், மூச்சுக்குழலில் ரப்பர்க் குழாயைச் செருகி, அதன் வழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தும் முறை வழக்கத்துக்கு வந்தபோது அவ்வறை தேவையற்றதாயிற்று.

எனினும் வேறொரு சங்கடம் எஞ்சி நின்றது. காற்றைச் செலுத்தினால் இரண்டு நுரையீரல்களும் விரிந்து சுருங்கும். அசைந்துகொண்டே இருக்கும் உறுப்பில் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பிரித்துக் கட்டுவது எங்ஙனம்? மேலும், காசநோயாலோ சீழ்க்கட்டியாலோ சிதைந்த நுரையீரலிலிருந்து சீழும் இரத்தமும் வழிந்து, நல்ல நுரையீரலுக்குள் புகுந்துவிடவும் கூடும். சில சமயங்களில் நோயைக் காட்டிலும் இக்கசிவே உயிருக்கு இறுதியாய் முடிந்தது. ஆகவே இரண்டு நுரையீரல்களையும் ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்து வைக்க வேண்டியது அவசியமாயிற்று.

பிரித்து வைக்கும் கருவிகள்

1932-ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த கேல், வாட்டர்ஸ் ஆகிய இருவரும் நீண்ட குழாயொன்றை ஒரு பக்கத்துக் கிளைக் குழலுக்குள் செலுத்தி, அந்த நுரையீரலுக்கு மட்டும் மூச்சு அளித்தனர். 1936-இல் இங்கிலாந்தில் மேகில் என்பவர் இதற்கு மாறான வழியைக் கையாண்டார். நோயுற்ற பக்கத்துக் கிளைக் குழலில், நுனியில் சிறு காற்றுப் பை கொண்ட ஓர் அடைப்பானைச் செருகி, அப்பக்கத்தை அவர் மூடினார்.

1949-ஆம் ஆண்டு இத்துறையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் ஸ்வீடன் நாட்டு வைத்தியர் கார்லென்ஸ், இரண்டு புழைகளைக் கொண்ட குழல் ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு நுரையீரலின் மூச்சையும் தனித்தனியே அளப்பதற்காகவே அவர் அதனை அமைத்தார். அடுத்த ஆண்டிலேயே அது அறுவைச் சிகிச்சைக்கும் பயன்படுத்தப்பட்டது. அதே 1949-இல், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ரீவ் பெட்ஸ் மார்பு அறுவைச் சிகிச்சைப் பகுதியை நிறுவினார். நம் நாட்டில் காசநோய் மிகுந்திருந்த அக்காலத்தில், தாம்பரம், மதனப்பள்ளி முதலிய இடங்களில் காசநோய் நிலையங்கள் இயங்கி வந்தன என்பதை நோக்கும்போது, மார்பு அறுவைக்கு இருந்த தேவை நன்கு விளங்கும். 1962-இல் ராபர்ட்ஷா என்பவர் கார்லென்ஸின் குழலைத் திருத்தி, அதிலிருந்த கொக்கியை நீக்கிப் புழைகளை அகலமாக்கினார். இன்று வழக்கிலுள்ள பிளாஸ்டிக் குழல்கள் அவ்வமைப்பின் வழிவந்தவையே.

இருபுழைக் குழலின் ஒரு வாய் மூச்சுக்குழலில் நிற்கும். மற்றொரு வாய் ஒரு பக்கத்துக் கிளைக் குழலுக்குள் புகும். ஒரு புழையை மூடி மற்றதன் வழியே காற்றைச் செலுத்தினால், ஒரு நுரையீரல் ஓய்கிறது, மற்றது இயங்குகிறது. ஓய்ந்த பக்கத்திலுள்ள சளியையும் இரத்தத்தையும் உறிஞ்சி எடுக்கவும், வேண்டியபோது அந்நுரையீரலை மீண்டும் விரிக்கவும் இதில் எளிதாக இயலும். குழல் பருமனாயிருப்பது இதன் குறை. தொண்டை குறுகியவர்களுக்கும், வாய் நன்கு திறவாதவர்களுக்கும், சிறுவர்களுக்கும் அடைப்பானே ஏற்றது. ஆனால் அடைப்பான் எளிதில் நழுவும். அடைபட்ட நுரையீரல் மெதுவாகவே சுருங்கும்.

பெரும்பாலான சிகிச்சைகளில் இடப் பக்கத்துக்கான குழலையே வைத்தியர்கள் தேர்ந்தெடுப்பது ஏன்? இடது கிளைக் குழல் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளம் உள்ளது. வலது கிளைக் குழலோ 2 சென்டிமீட்டர் அளவிலேயே மேல் மடலுக்கு ஒரு கிளையை விட்டுவிடுகிறது. வலப் பக்கத்தில் குழல் சற்றே நகர்ந்தாலும் அக்கிளையின் வாய் மூடப்பட்டுவிடும். குழல் உரிய இடத்தில் நிற்கிறதா என்பதை, மெல்லிய பிராங்காஸ்கோப் கருவியை அதனுள் செலுத்திக் கண்ணால் கண்டு உறுதி செய்வது இன்றைய நல்ல வழக்கம். நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்த பிறகு மீண்டும் ஒரு முறை நோக்குதல் வேண்டும். ஏனெனில் குழல் பெரும்பாலும் நகர்வது அப்போதுதான்.

ஓய்ந்த நுரையீரலும் இரத்த ஓட்டமும்

நாம் கொண்ட உதாரணத்தில் நோயாளி இடப் பக்கமாகப் படுத்திருக்கிறார். வலது நுரையீரல் மேலே உள்ளது. அதற்குக் காற்று இல்லை. ஆனால் இரத்தம் அங்கே செல்வது நின்றுவிடவில்லை. காற்றில்லாத நுரையீரலின் வழியே செல்லும் இரத்தம், பிராணவாயுவைப் பெறாமலே இதயத்துக்குத் திரும்பி, நல்ல இரத்தத்துடன் கலந்துவிடுகிறது. பக்கவாட்டில் படுக்கையில், புவியீர்ப்பின் காரணமாக இரத்தத்தில் சராசரியாக 100-க்கு 60 பங்கு கீழ் நுரையீரலுக்கும் 40 பங்கு மேல் நுரையீரலுக்கும் செல்வதாகக் கணக்கிட்டிருக்கின்றனர். இந்த 40 பங்கும் பயனின்றிக் கலக்குமாயின், இரத்தத்திலுள்ள பிராணவாயு அபாயகரமாகக் குறைந்துவிடும்.

இங்கு இயற்கையே துணை புரிகிறது. பிராணவாயு குறைந்த நுரையீரற் பகுதிகளில் இரத்தக் குழாய்கள் தாமே சுருங்குகின்றன. இவ்வுண்மையை 1946-ஆம் ஆண்டில் ஸ்வீடன் விஞ்ஞானிகளான ஃபான் ஆய்லரும் லில்ஜெஸ்ட்ராண்டும் வெளியிட்டனர். உடலின் ஏனைய பாகங்களில் பிராணவாயு குறைந்தால் இரத்தக் குழாய்கள் விரியும். நுரையீரலில் மட்டும் சுருங்கும். இச்சுருக்கத்தால் மேல் நுரையீரலுக்குச் செல்லும் இரத்தம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. 40 பங்கு 20 பங்காகிறது. உயிருக்கு வந்த ஆபத்தும் நீங்குகிறது. இந்தச் சுருக்கம் சில விநாடிகளில் தொடங்கினாலும், நன்கு வலுப்பெற அரை மணி நேரம் வரை ஆகலாம். ஆகையால் முதல் அரை மணி நேரத்தில் விழிப்பு மிகவும் தேவை.

வலது நுரையீரல் இடதைவிடப் பெரியது. அதிக இரத்தம் பெறுவது. ஆதலின் வலப் பக்கத்து அறுவையில் பிராணவாயுக் குறைவு ஏற்படும் வாய்ப்பு, இடப் பக்கத்து அறுவையைக் காட்டிலும் சற்று மிகுதி.

எவ்வளவு காற்று?

இப்போது முக்கியமான கேள்விக்கு வருவோம். அமைதியாக இருக்கும் ஒரு மனிதர் ஒரு மூச்சில் சுமார் 500 மில்லிலிட்டர் காற்றை உட்கொள்கிறார். அதில் இடது நுரையீரலுக்குச் செல்வது ஏறத்தாழ 225 மில்லிலிட்டர். முற்காலத்தில், ஒற்றை நுரையீரலுக்கு மூச்சளிக்கும்போதும், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 10 முதல் 12 மில்லிலிட்டர் வரை செலுத்துவது வழக்கமாயிருந்தது. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கீழ் நுரையீரல் இதயத்தின் பளுவாலும், மயக்கத்தில் மேலேறும் உதரவிதானத்தாலும் அழுத்தப்படுகிறது. சிறு மூச்சுகள் அளித்தால் அதன் நுண்ணறைகள் மூடிக்கொள்ளும் என்று வைத்தியர்கள் அஞ்சினர். பெரிய மூச்சு அளித்தபோது இரத்தத்தில் பிராணவாயு நன்றாகவே இருந்தது. ஆகவே முறை சரியென்றே தோன்றியது.

ஆனால் தீங்கு உடனே கண்ணுக்குப் புலப்படுவதன்று. அளவுக்கு மீறி விரிக்கப்படும் நுண்ணறைகளின் சுவர்கள் புண்படுகின்றன, அழற்சி உண்டாகிறது, ஓரிரு நாட்கள் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், கடுமையான நுரையீரற் பழுதுற்ற 861 நோயாளிகளைக் கொண்டு நடைபெற்ற பேராய்வு இதனைத் தெளிவாக்கிற்று. கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் வீதம் மூச்சுப் பெற்றவர்களில் 100-க்கு 39.8 பேர் இறந்தனர். 6 மில்லிலிட்டர் வீதம் பெற்றவர்களில் இறந்தோர் 31 பேர். அந்நோயாளிகள் அறுவை மேசையில் இருந்தவர்கள் அல்லர்; ஆயினும் நுண்ணறையின் இயல்பு எங்கும் ஒன்றே.

அறுவை மேசையிலும் சோதனைகள் நடந்தன. 2006-இல் பிரான்ஸ் தேசத்தில் உணவுக்குழாய் அறுவைக்கு உள்ளான 52 பேரில், ஒற்றை நுரையீரற் சுவாசத்தின்போது ஒரு பிரிவினருக்குக் கிலோவுக்கு 9 மில்லிலிட்டரும், மற்றொரு பிரிவினருக்கு 5 மில்லிலிட்டரும் அளித்தனர். சிறு மூச்சுப் பெற்றவர்களின் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் பொருள்கள் குறைவாகவே இருந்தன. 2011-இல் தென் கொரியாவில் நுரையீரல் அறுவை பெற்ற 100 பேரிடம் நடத்திய ஆய்வில், பழைய முறையில் மூச்சுப் பெற்றவர்களில் 100-க்கு 22 பேருக்கும், சிறு மூச்சு முறையில் 4 பேருக்கும் முதல் மூன்று நாட்களுக்குள் நுரையீரற் கோளாறு காணப்பட்டது. இங்கு மூச்சின் அளவோடு வேறு சில அம்சங்களையும் சேர்த்தே மாற்றினர் என்பதையும் வாசகர் நினைவிற்கொள்ள வேண்டும்.

சிறு மூச்சு மட்டும் போதுமா? போதாது. மூச்சை வெளிவிடும் முடிவில் நுண்ணறைகள் மூடிவிடாதபடி, சிறிது அழுத்தத்தை நிறுத்தி வைத்தல் வேண்டும். பொதுவாக இது 5 சென்டிமீட்டர் நீருக்குச் சமமான அழுத்தம். இவ்வழுத்தம் போதாதபோது மூச்சைச் சிறிதாக்குவதால் மட்டும் பயன் விளைவதில்லை என்பதை 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. இதனை அளவுக்கு மேல் ஏற்றுவதும் தவறு. அழுத்தம் மிகுந்தால் கீழ் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் நசுங்கி, இரத்தம் மேல் நுரையீரலை நோக்கித் திருப்பப்படும். இயற்கை செய்த உதவி வீணாகும்.

கணக்கில் அடிக்கடி நேரும் பிழை ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். நமது நோயாளியின் உயரம் 165 சென்டிமீட்டர், எடை 80 கிலோ என்போம். உடல் பருப்பதால் நுரையீரல் பெரிதாவதில்லை. அதன் அளவு உயரத்தையே பொறுத்தது. உயரத்திலிருந்து 152.4-ஐக் கழித்து, மீதியை 0.91-ஆல் பெருக்கி, ஆணுக்கு 50-ஐயும் பெண்ணுக்கு 45.5-ஐயும் கூட்டினால், கணக்கிற்குரிய எடை கிடைக்கும். நம் நோயாளிக்கு அது 61.5 கிலோ. கிலோவுக்கு 5 மில்லிலிட்டர் என்றால் ஒரு மூச்சுக்குச் சுமார் 300 மில்லிலிட்டர். பழைய வழக்கப்படி 80 கிலோவுக்கு 10 மில்லிலிட்டர் வீதம் அளித்திருந்தால் 800 மில்லிலிட்டர் ஆகியிருக்கும். 225 மில்லிலிட்டருக்குப் பழகிய இடது நுரையீரல், அதைப் போல் மூன்றரை மடங்கு காற்றை, மணிக்கணக்கில், நிமிஷத்துக்குப் பல முறை ஏற்க நேர்ந்திருக்கும்.

அளவைக் குறிப்பதா, அழுத்தத்தைக் குறிப்பதா?

செயற்கைச் சுவாசப் பொறி இரண்டு விதமாக இயங்கவல்லது. முதல் முறையில், ஒரு மூச்சில் இவ்வளவு காற்று என்று அளவைக் குறித்துவிடுகிறோம். அதைச் செலுத்துவதற்கு வேண்டிய அழுத்தம் எவ்வளவாயினும் பொறி அதனை அளிக்கும். இரண்டாம் முறையில், அழுத்தத்தைக் குறித்துவிடுகிறோம். அவ்வழுத்தத்தில் எவ்வளவு காற்று செல்லுமோ அவ்வளவே செல்லும். இம்முறையில் மூச்சின் தொடக்கத்தில் காற்று வேகமாகவும், பிறகு மெதுவாகவும் பாய்கிறது.

அழுத்தத்தைக் குறிக்கும் முறையில் பொறியின் முள் காட்டும் உச்ச அழுத்தம் குறைவு. அதனால் அதுவே நுரையீரலுக்கு இதமானது என்று பலர் கருதினர். ஆனால் பொறியில் தோன்றும் உச்ச அழுத்தத்தில் ஒரு பகுதி, குறுகிய குழலின் தடையை வெல்வதிலேயே செலவாகிறது, நுண்ணறையை எட்டுவதில்லை. ஆகவே முள் காட்டும் வேறுபாடு முழுவதும் நுரையீரலில் இல்லை. 1997-இல் இஸ்தான்புல் வைத்தியர்கள், அழுத்தம் குறிக்கும் முறையில் பிராணவாயு அதிகரிப்பதாக அறிவித்தனர். 2007-இல் பார்சிலோனா வைத்தியர்கள் அத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை. மூச்சின் அளவு சமமாயிருக்குமானால், இரண்டில் எது உயர்ந்தது என்று அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை.

அவற்றின் உண்மையான வேறுபாடு, தவறு நேரும்போது தெரியவரும். குழல் நகர்ந்தாலோ சளி அடைத்தாலோ, முதல் முறையில் அழுத்தம் உயர்ந்து எச்சரிக்கை மணி ஒலிக்கும். இரண்டாம் முறையில் அழுத்தம் மாறாது. உட்செல்லும் காற்று மட்டும் சத்தமின்றிக் குறையும். ஆகவே முதல் முறையைக் கையாள்பவர் அழுத்தத்தையும், இரண்டாம் முறையைக் கையாள்பவர் காற்றின் அளவையும் இடைவிடாது கவனித்தல் வேண்டும். எம்முறையாயினும், காற்று நின்ற நிலையில் நுரையீரலில் உள்ள அழுத்தம் 25 சென்டிமீட்டர் நீருக்கு மேற்படாமல் இருத்தல் நலம்.

சிறு மூச்சால் கரியமிலவாயு சற்றே தேங்கும். மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டி இதனை ஓரளவு சரி செய்யலாம். எஞ்சிய மிதமான உயர்வைப் பெரும்பாலான நோயாளிகள் தாங்கிக்கொள்வர். நுரையீரல் இரத்தக் குழாய்களில் முன்னரே அழுத்தம் மிகுந்தவர்களுக்கும், மூளைக்குள் அழுத்தம் உயர்ந்தவர்களுக்கும் இச்சலுகை பொருந்தாது.

பிராணவாயு குறையும்போது

விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டர் 90-க்குக் கீழே காட்டத் தொடங்கினால், வைத்தியர் ஒழுங்கான வரிசையில் செயல்படுகிறார். முதலில் தூய பிராணவாயுவை அளித்து, அறுவை வைத்தியருக்கும் செய்தியைத் தெரிவிக்கிறார். அடுத்துப் பிராங்காஸ்கோப்பால் குழலின் நிலையைச் சோதிக்கிறார். காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடைக்கும். பிறகு இரத்த அழுத்தமும் இதயத்தின் வேகமும் போதுமானவையா என்று பார்க்கிறார். சளியை உறிஞ்சி எடுத்து, கீழ் நுரையீரலின் மூடிய அறைகளை மெதுவாக ஒரு முறை விரித்துத் திறக்கிறார். இவையும் பயன்படாவிடில், மேல் நுரையீரலுக்கு இலேசான அழுத்தத்தில் பிராணவாயுவைத் தொடர்ந்து விடுகிறார். இது மிகவும் பலனளிக்கும் வழி. ஆனால் சிறு துளைகளின் வழியே காமிரா கொண்டு செய்யும் சிகிச்சையில், சிறிது விரிந்த நுரையீரலும் காட்சியை மறைத்துவிடும். எதுவும் உதவாதபோது அறுவையை நிறுத்தி, இரண்டு நுரையீரல்களுக்கும் மூச்சளிப்பதே கடமை. பிராணவாயு தேறிய பின் மீண்டும் தொடங்கலாம்.

தேவைக்கு மேல் பிராணவாயு அளிப்பதும் நன்றன்று. தூய பிராணவாயு நுண்ணறையிலிருந்து இரத்தத்தில் முழுவதும் கரைந்துவிடுவதால், அவ்வறை வெறுமையாகிச் சுருங்கிவிடும். தொடக்கத்தில் நிறைய அளித்து, நிலைமை சீரான பின் படிப்படியாகக் குறைப்பதே முறை.

முடிவுரை

மேலே கூறியவற்றை ஒப்பிட்டு நோக்கினால், ஒரு முறை எல்லா வகையிலும் சிறந்தது, மற்றது தாழ்ந்தது என்னும் முடிவு கிட்டுவதில்லை. குழலா அடைப்பானா என்பதை நோயாளியின் தொண்டையும் நோயின் இயல்பும் தீர்மானிக்கின்றன. அளவைக் குறிப்பதா அழுத்தத்தைக் குறிப்பதா என்பது வைத்தியரின் பயிற்சியைச் சார்ந்தது. ஆனால் சிறு மூச்சு, அதன் முடிவில் மிதமான அழுத்தம், குழலின் இடத்தைக் கண்ணால் உறுதி செய்தல் ஆகிய மூன்றும் எந்த முறைக்கும் பொதுவானவை. ஒரு நுரையீரலிடம் இரண்டு நுரையீரல்களின் வேலையைக் கேட்கலாகாது என்பதே இவற்றின் சாரம்.

திலக் நகர்க் குடும்பத்தினர் செய்யத்தக்கவையும் சில உண்டு. நோயாளி புகைபிடிப்பவராயின் அன்றே அதனை விட்டுவிட வேண்டும். முன்பு காசநோய் கண்டிருந்தால், எத்தனை ஆண்டுகள் கடந்திருப்பினும் மறைக்காமல் சொல்ல வேண்டும்; எஞ்ச இருக்கும் நுரையீரலில் பழைய தழும்பு உண்டா என்பது வைத்தியருக்குத் தெரிந்தாக வேண்டும். மாடிப்படி ஏறும்போது எத்தனையாவது மாடியில் மூச்சு வாங்குகிறது என்பதைக் கவனித்துக் கூறுதல், விலையுயர்ந்த சோதனைகளுக்குத் துணையாகும் நல்ல செய்தியாகும். அறுவைக்கு முன்னும் பின்னும் ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சியைச் சொன்னபடி செய்து வர வேண்டும். மேசையின்மேல் அவருடைய இடது நுரையீரலைக் காப்பது வைத்தியரின் பொறுப்பு. மேசையை விட்டு இறங்கிய பின், வலது நுரையீரலின் எஞ்சிய மடல்களை மீண்டும் நன்கு விரியச் செய்வதில் நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் பங்கு உண்டு.